முறுக்கிய மூலக்கூறு

வேதியியலின் இடமும் வலமும்: வரலாற்றுத் தொடர் – 14

போன இதழில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் நின்றிருந்தோம். மான்சாண்டோ கம்பெனியின் வில்லியம் நோல்ஸ், பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோபா மருந்தை ரோடியம் வினையூக்கி கொண்டு செய்துகாட்டிய கதை அது. 1968-ல் வெறும் 15 சதவீதத்தில் தொடங்கியவர் 95 சதவீதம் வரை போனார். தொழிற்சாலையிலும் ஓட்டிக் காட்டினார். இப்போது அதற்கும் இரண்டு வருடம் முன்னால், 1966-ன் கியோட்டோவுக்குப் போகவேண்டும். அங்கே கிடைத்த எண் நோல்ஸின் முதல் எண்ணைவிடவும் பரிதாபமானது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு பத்தி. வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம். எப்படித் திருப்பி வைத்தாலும் ஒன்று மற்றதாகாது. கார்பன் மூலக்கூறுகள் பலவும் அப்படித்தான். ஒரே அணுக்கள், ஒரே இணைப்புகள், ஆனால் புரி வேறு. கடலில் இடம்புரிதான் மலிவு, வலம்புரி லட்சத்தில் ஒன்று. அதேபோல உயிருள்ளவை பெரும்பாலும் ஒரு புரியையே தேர்ந்தெடுத்துச் செய்கின்றன. வேதியியலாளரின் குடுவைக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. பாதிக்குப் பாதி போட்டுக் கொடுத்துவிடும். ஒரு புரியில் 55, எதிர்ப்புரியில் 45 என்று கிடைத்தால் 'மிகை' 10 சதவீதம் என்பார்கள். 100 என்றால் எதிர்ப்புரி துளியும் இல்லை. இந்தத் தொடர் முழுக்க நாம் துரத்திக்கொண்டிருப்பது அந்த மிகையைத்தான்.

ரியோஜி நோயோரி 1938-ல் கோபே நகரத்தின் புறநகரில் பிறந்தவர். அப்பா ஒரு ரசாயனக் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவைக் கவனித்துக்கொண்டவர். இயற்பியலுக்காக 1949-ல் நோபல் வாங்கிய யுகாவா அந்தக் குடும்பத்துக்கு அறிமுகமானவர்தான். ஆனால் பையனின் மனம் இயற்பியல் பக்கம் போகவில்லை. 1951-ல், நடுநிலைப் பள்ளியில் சேரும் வயதில், அப்பா அவரை நைலான் பற்றிய ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போனார். போரில் தோற்று, வயிற்றுப்பாட்டுக்கே ஜப்பான் திண்டாடிக்கொண்டிருந்த காலம். மேடையில் பேசியவர், நிலக்கரி, காற்று, தண்ணீர் ஆகிய மூன்றிலிருந்தும் நைலானைச் செய்துவிடலாம் என்றார். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது போதும். வேதியியலுக்கு வந்த காரணம் என்று பின்னாளில் அவர் சொன்னது இந்தக் கூட்டத்தைத்தான். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றைச் செய்யலாம் என்ற அந்த ஆசை தொழிற்சாலை வாசனையோடு உள்ளே புகுந்தது. கடைசிவரை அந்த வாசனை அவரை விடவில்லை.

1957-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1963-ல் முதுகலை முடித்த கையோடு பேராசிரியர் ஹிதோசி நொசாகியின் ஆய்வகத்திலேயே உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. முனைவர் பட்டம் அதற்குப் பிறகு, 1967-ல்தான் வந்தது.

நொசாகியின் ஆய்வகத்தில் அப்போது எழுந்த கேள்வி இது. ஸ்டைரீனோடு டையசோ சேர்மம் ஒன்றைத் தாமிரத்தின் முன்னிலையில் கலந்தால், மூன்று கார்பன்கள் கொண்ட சின்ன வளையம் உண்டாகிறது. நடுவில் கார்பீன் என்ற ஒரு துண்டு கணநேரம் பிறந்து மறைகிறது. அந்தத் துண்டு தாமிரத்தை விட்டுப் பிரிந்து தனியாகத் திரிந்து வினைபுரிகிறதா? அல்லது தாமிரத்தோடு ஒட்டிக்கொண்டேவா? பார்க்கமுடியாத ஒன்றைப் பற்றிய கேள்வி. அதைப் பிடிக்க ஒரு பொறி வைத்தார்கள். தாமிர அணுவைப் பற்றிக்கொண்டு நிற்கும் மூலக்கூறுக்கு ஈனி என்று பெயர். அந்த ஈனியை ஒரே புரி கொண்டதாகச் செய்து மாட்டினார்கள். கார்பீன் தனியாகத் திரிந்தால் அதற்குத் தாமிரத்தின் புரி தெரியப்போவதில்லை, விளைபொருள் பாதிக்குப் பாதியாகவே வரும். ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் கொஞ்சமாவது சாயும்.

சாய்ந்தது. மிகை பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் சாய்ந்தது.

1966-ல் இது கட்டுரையாக வந்தது. திட்டமிட்டு வடிவமைத்த ஒருபுரி உலோகச் சேர்மத்தைக் கரைசலில் போட்டு, அதைக் கொண்டு ஒரு புரியை அதிகம் செய்துகாட்டிய முதல் எடுத்துக்காட்டு என்று இன்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாததில் தப்பும் இல்லை. 55-க்கு 45 என்ற கலவையை வைத்துக்கொண்டு எந்த மருந்தையும் செய்யமுடியாது. கார்பீன் பற்றிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அத்தோடு கோப்பை மூடி வைத்திருக்கலாம்.

நோயோரியின் பெரிய குணம் என்று நான் நினைப்பது இங்கேதான் தெரிகிறது. அவர் எண்ணைப் பார்க்கவில்லை. அந்த எண் பூஜ்யம் இல்லை என்பதைப் பார்த்தார். ஒரு சிட்டிகை தாமிரச் சேர்மம், தன்னைவிடப் பல மடங்கு அதிகமான பொருளுக்குத் தன் புரியைக் கற்றுக்கொடுக்க முடியுமென்றால், மிச்சம் இருப்பது சரியான ஈனியைத் தேடும் வேலைதான். வருடக்கணக்கில் ஆகலாம், ஆனால் வேலைதான். பின்னால் சுமிடோமோ கெமிக்கல் கம்பெனியின் அரதானி அதே தாமிர ஈனியை மாற்றி மாற்றிச் செப்பனிட்டு மிகையை 90-க்கு மேல் கொண்டுபோனார். கொசுவர்த்திச் சுருளில் போடும் பூச்சிக்கொல்லி வகைகளுக்கு அடிப்படையான அமிலமும், சிலாஸ்டாட்டின் என்ற மருந்துக்கான வளையமும் அந்த வழியில் வந்தன. கியோட்டோவின் சாய்வு வீண்போகவில்லை.

1968-ல், முப்பது வயது ஆகும் முன்பே, நகோயா பல்கலைக்கழகம் அவரை இணைப் பேராசிரியராக அழைத்தது. அழைத்தவர் யோஷிமாசா ஹிராதா. பேத்தை மீனின் நஞ்சு எப்படிப்பட்ட மூலக்கூறு என்று கண்டுசொன்னவர்களில் ஒருவர். ஒளிரும் புரதத்துக்காக 2008-ல் நோபல் வாங்கிய ஷிமோமுராவும் ஹிராதாவின் ஆய்வகத்தில் இருந்தவர்தான். ஆளைப் பிடிக்கத் தெரிந்த மனிதர்.

வேலையில் சேர்ந்த சூட்டோடு, 1969-ல் ஹார்வர்டுக்குப் போனார் நோயோரி, ஈ. ஜே. கோரியின் ஆய்வகத்துக்கு. கோரி அப்போது புரோஸ்டாகிளாண்டின்களில் மூழ்கியிருந்தார். நம் உடலில் அணுவளவு சுரந்து, வலி, காய்ச்சல், மகப்பேறு என்று பலவற்றை ஆட்டிவைக்கும் சேர்மங்கள் அவை. நோயோரியிடம் அவர் கொடுத்த வேலை இது: மூலக்கூறில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன, ஒன்றில் மட்டும் ஹைட்ரஜனை ஏற்று, மற்றதைத் தொடாதே. ஹைட்ரஜனேற்றம் என்ற வினை நோயோரியின் வாழ்க்கைக்குள் வந்தது இந்த வாசல் வழியாக. அதே ஹார்வர்டில், ஜான் ஆஸ்பர்ன் கரைசலில் கரையும் ரோடியம் வினையூக்கிகளைப் பற்றி அறிந்தவராக இருந்தார். கான்ராட் பிளாக்கின் ஆய்வகத்தில் பாரி ஷார்ப்லஸ் என்ற இளைஞரும் இருந்தார். அவரும் நோயோரியும் நண்பர்களானார்கள். அந்த ஷார்ப்லஸைப் பிறகு பார்ப்போம்.

நகோயா திரும்பினார். 1972-ல் பேராசிரியர். ஜப்பானில் அந்த வயதில் பேராசிரியர் நாற்காலி என்பது அப்போது நடக்காத காரியம்.

ஹைட்ரஜன் மலிவு, சுத்தம், வினை முடிந்தால் கழிவு என்று எதையும் விட்டுவைக்காது. அதனால் ஒருபுரி ஹைட்ரஜனேற்றத்தில் இறங்குவது என்று முடிவானது. நோல்ஸும் ஜெர்மனியில் ஹோர்னரும், ஈனியில் உலோகத்தைப் பிடிக்கும் பாஸ்பரஸையே புரி கொண்டதாக ஆக்கியிருந்தார்கள். பாரிஸில் ஹென்றி ககான் 1971-ல் வேறு வழி காட்டினார். புரி பாஸ்பரஸில் இருக்கவேண்டியதில்லை, இரண்டு பாஸ்பரஸ்களை இணைக்கும் எலும்புக்கூட்டில் இருந்தாலே போதும். அந்த இரட்டைப் பிடி நல்ல யோசனை. நோயோரி அதை எடுத்துக்கொண்டு, எலும்புக்கூட்டை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றினார்.

அவர் தேர்ந்தது பைநாப்தைல். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீனைப் போல் இரண்டை எடுத்து, ஒற்றைப் பிணைப்பில் கோத்தால் கிடைப்பது. ஒவ்வொரு நாப்தலீனிலும் ஒரு பாஸ்பரஸ் கை, அதன்மேல் இரண்டு பென்சீன் வளையங்கள். இதற்குப் பெயர் பினாப். இதில் புரி கொண்ட கார்பன் அணு ஒன்றுகூட இல்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டு நாப்தலீன்களும் ஒரே தளத்தில் படுக்கப் பார்த்தால் பாஸ்பரஸ்கள் முட்டிக்கொள்ளும். அதனால் ஒன்று மற்றதற்குக் குறுக்காக முறுக்கி நிற்கிறது. இடப்பக்கம் முறுக்கியது ஒரு புரி, வலப்பக்கம் முறுக்கியது எதிர்ப்புரி. முறுக்கை அவிழ்க்க அவ்வளவு சுலபத்தில் முடியாது. உலோகத்தைப் பிடித்தபிறகு அந்த முறுக்கு பென்சீன் வளையங்களுக்கும் கடத்தப்படுகிறது. உலோகத்துக்கு முன்னால் உள்ள வெளியை நான்கு மூலைகளாகப் பிரித்தால், எதிரெதிர் மூலைகள் இரண்டை வளையங்கள் அடைத்துக்கொள்ளும், மற்ற இரண்டும் திறந்திருக்கும். வந்து உட்காரும் மூலக்கூறு எந்தப் பக்கம் முகம் காட்டவேண்டும் என்பது அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

காகிதத்தில் இவ்வளவு அழகாக இருந்த ஈனியைக் கையில் எடுக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

1974-ல் ஹிதேமாசா தகாயாவோடு சேர்ந்து வேலையை ஆரம்பித்தார். 1966-ன் தாமிரக் கட்டுரையிலும் பெயர் உள்ள அதே தகாயா. முதலில் எல்லோருக்கும் தோன்றக்கூடிய வழியில் போனார்கள். ஒருபுரியாக ஏற்கனவே கிடைக்கும் பைநாப்தைல் சேர்மத்தை எடுத்து அதில் பாஸ்பரஸை ஏற்றுவது. வினைகளின் சூட்டிலும் கடுமையிலும் முறுக்கு அவிழ்ந்து இரண்டு புரியும் கலந்துபோயிற்று. பிறகு கலவையாகவே செய்து, ஒருபுரி பலேடியம் சேர்மத்தோடு பிணைத்து, படிகமாக்கிப் பிரித்தார்கள். பினாப் கிடைத்தபிறகும் தீரவில்லை. ஒருநாள் நல்ல எண் வரும். அடுத்த முறை வராது. ரோடியத்தோடு சேர்த்தால் உண்டாகும் சேர்மம் நிலைமைக்குத் தகுந்தாற்போல் வடிவம் மாறியது. ஆராய்ச்சி செய்தவர்களுக்கு இது தெரிந்த வேதனைதான். வரவே வராத வினையை விட்டுத்தொலைக்கலாம். சில சமயம் மட்டும் வருகிற வினை ஆளை விடாது.

1980-ல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தது. பினாப் ரோடியத்தைக் கொண்டு அமினோ அமிலங்களைச் செய்ததில் மிகை கிட்டத்தட்ட 100. பதினான்கு ஆண்டுகளில் பத்தில் இருந்து நூறு. 1986 வாக்கில் தகாயா பினாப்பைச் செய்ய வசதியான வழியையும் ஏற்படுத்தினார். பாஸ்பரஸில் ஆக்சிஜன் ஏறிய நிலையில், கற்பூரத்திலிருந்து செய்யும் ஒரு அமிலத்தைச் சேர்த்து இரண்டு புரிகளையும் பிரிக்கும் முறை அது. பினாப் ஆராய்ச்சிக்கூடத்துச் செல்லப்பிள்ளை என்ற நிலை மாறி, பாட்டிலில் விற்கும் சரக்காயிற்று.

இதற்குள் தகசாகோ என்ற ஜப்பானிய வாசனைப்பொருள் கம்பெனி கதவைத் தட்டியிருந்தது. அவர்களுக்கு வேண்டியது மென்தால்.

நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கேட்டால் பொட்டலம் கட்டிக் கொடுப்பது மென்தாலைத்தான். சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் தவறாமல் கொண்டுவரும் கோடாலித் தைலத்தில் இருப்பதும் அதுவே. பற்பசை, இருமல் மிட்டாய், சிகரெட், சூயிங்கம் என்று அது புகாத இடம் கிடையாது. மென்தால் மூலக்கூறில் புரி கொண்ட கார்பன்கள் மூன்று. அதனால் எட்டு வகைகள் சாத்தியம். அந்தச் சில்லென்ற குளிர்ச்சியும் வாசனையும் ஒழுங்காக உள்ளது எட்டில் ஒன்றில் மட்டும். வயலில் விளையும் புதினா அந்த ஒன்றை மட்டுமே செய்கிறது. உலகிலேயே அதிகமாக இயற்கை மென்தால் எடுப்பது நம் நாட்டில்தான், பெரும்பாலும் உத்தரப் பிரதேச வயல்களில். ஆனால் மழை பொய்த்தால் விலை எகிறும். பெரிய கம்பெனிகளுக்கு அது ஆகாது.

தகசாகோ போட்ட கணக்கு டர்பன்டைனிலிருந்து தொடங்கியது. அதிலிருந்து மிர்சீன் என்ற எண்ணெய் கிடைக்கும். அதோடு ஓர் அமீனைச் சேர்த்தால் ஒரு நீண்ட சங்கிலி. அந்தச் சங்கிலியில் ஒரு ஹைட்ரஜன் ஒரு கார்பனிலிருந்து இன்னொரு கார்பனுக்கு இடம்பெயர்ந்து, இரட்டைப் பிணைப்பும் நகர்ந்துகொண்டால் சிட்ரோனெலால் செய்யத் தேவையான பொருள் வந்துவிடும். சேர்க்கவும் இல்லை, கழிக்கவும் இல்லை. உள்ளதை உள்ளேயே நகர்த்துவது. ஆனால் அந்த ஹைட்ரஜன் எந்த முகத்தில் போய் உட்காருகிறது என்பதில்தான் மென்தாலின் தலையெழுத்தே இருக்கிறது. அந்த ஒரு புரி சரியாக விழுந்துவிட்டால் மற்ற இரண்டும் பின்னால் துத்தநாக புரோமைடு போட்டு வளையமாக்கும்போது தாமாகவே சரியாக விழும்.

ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஒட்சுகாவும் தானியும் கோபால்ட்டை வைத்து இதை முயன்று சுமாரான முடிவோடு நின்றிருந்தார்கள். நோயோரியும் தகாயாவும் பினாப்பைக் கொண்டுவந்தார்கள். தகசாகோவில் அகுதகாவா இருந்தார். பினாப் ரோடியத்தைப் போட்டதும் மிகை 96 முதல் 99 வரை போனது. இயற்கையில் சிட்ரோனெல்லா எண்ணெயில் கிடைக்கும் சிட்ரோனெலாலிலேயே மிகை 82-ஐத் தாண்டுவதில்லை. செடி செய்வதைவிடச் சுத்தமாக ஒரு தொழிற்சாலை செய்தது என்று இதைச் சொல்லும்போது நோயோரிக்கு ஒரு மிடுக்கு இருந்திருக்கும். அதை மன்னிக்கலாம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் 99 வருவது வேறு, டன் கணக்கில் ஓடுவது வேறு. ரோடியம் விலை தங்கத்தைவிட எகிறக்கூடிய சரக்கு. ஆரம்பத்தில் ஒரு வினையூக்கி மூலக்கூறு நூறு தடவை வேலை செய்துவிட்டுச் செத்தது. அந்தக் கணக்கில் மென்தால் விற்றால் கம்பெனி திவாலாகும். தகசாகோவின் ஆட்கள் என்னென்ன அசுத்தம் ரோடியத்தைக் கெடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்து வெளியேற்றினார்கள். நூறு எட்டாயிரமாயிற்று. ரோடியத்தை ஒன்றுக்குப் பதில் இரண்டு பினாப்கள் பற்றிக்கொள்ளும்படி செய்து, வினை முடிந்ததும் மீட்டெடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டபோது நான்கு லட்சம் வரை போனது. 1980-களின் நடுவிலிருந்து ஆண்டுக்கு ஆயிரம் டன் அளவில் மென்தால் இந்த வழியில் வெளிவந்தது. ஒருபுரி வினையூக்கத்தின் வரலாற்றில் இந்த அளவுக்கு ஓடிய தொழிற்சாலை அதுவரை இல்லை. நோபல் பரிசு பற்றி எழுதுகிறவர்கள் நோயோரி பெயரையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த நூறை நான்கு லட்சமாக்கிய கம்பெனி ஆட்களின் வேலையை யாரும் ஒழுங்காக எழுதியதாகத் தெரியவில்லை.

ரோடியத்துக்கு ஒரு குறை. அமினோ அமிலம் மாதிரி சில வகைகளை மட்டும்தான் அது ஏற்றுக்கொண்டது. 1986-ல் நோயோரி பினாப்பை ருத்தேனியத்தில் மாட்டினார். வாசல் அகலத் திறந்தது. நாப்ரோக்சென் வலிமருந்து 97 சதவீத மிகையில் வந்தது. ஜெரானியோலிலிருந்து ரோஜா வாசனைப் பொருளான சிட்ரோனெலோல் என்ற ஆல்கஹாலும் வந்தது.

அடுத்து கீட்டோன்கள். பீட்டா-கீட்டோ எஸ்டர் என்ற வகையை எடுத்துக்கொண்டு, நன்றாக வேலை செய்துகொண்டிருந்த அதே ருத்தேனியம் சேர்மத்தைப் போட்டார்கள். அசைவே இல்லை. ருத்தேனியத்தின் மேல் பினாப் தவிர இரண்டு அசிட்டேட்டுகளும் உட்கார்ந்திருந்தன. அவற்றை எடுத்துவிட்டுக் குளோரினைப் போட்டார்கள். அவ்வளவுதான். மிகை 99-க்கு மேல், வினை முழுசாக முடிந்தது. 1987. ஈனியைச் செய்ய ஆறு வருடம் போராடிய மனிதருக்கு ஓர் உப்பை மாற்றியதில் இது கிடைத்தது. வேதியியலில் நியாயம் பார்க்கக்கூடாது. கார்பாபெனெம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி வகைக்கும், நம் மருந்துக்கடைகளில் சர்வசாதாரணமாக எழுதிக்கொடுக்கப்படும் லீவோஃப்ளாக்சசினுக்கும் தேவையான இடைநிலைப் பொருட்களைத் தகசாகோ இந்த வழியில்தான் செய்யத் தொடங்கியது.

ஆனால் இந்த வெற்றிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு நிபந்தனை இருந்தது. கீட்டோனுக்குப் பக்கத்தில் இன்னோர் ஆக்சிஜனோ நைட்ரஜனோ வேண்டும். ருத்தேனியம் அதைப் பிடித்துக்கொண்டால்தான் மூலக்கூறு சரியான நிலையில் நிற்கும். அப்படிப் பிடி எதுவும் இல்லாத சாதாரண கீட்டோன்கள், உதாரணமாக அசிட்டோஃபீனோன், நழுவிப் போய்விடும். 1991-ல் ஜப்பான் அரசு நோயோரி பெயரிலேயே ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றுக்குப் பணம் ஒதுக்கியது. அதில்தான் விடை வந்தது. ருத்தேனியம்-பினாப்போடு ஒரு டைஅமீனையும், கொஞ்சம் காரத்தையும் சேர்த்தார்கள். வேகம் ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறியது. 1995-ல் ஒகுமா முதலானவர்களோடு வெளியிட்டார். அதே வருடம் ஹாஷிகுச்சியும் இகாரியாவும் சேர்ந்து, ஹைட்ரஜன் சிலிண்டரே இல்லாமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் இன்னொரு ருத்தேனியம் வினையூக்கியையும் கொடுத்தார்கள்.

ஏன் இவ்வளவு வேகம் என்பதுதான் சுவையான இடம். உலோகம்தான் மூலக்கூறைப் பிடிக்கும், ஈனி சும்மா சுவராக நிற்கும் என்பது அதுவரை எல்லோரும் நம்பியது. இங்கே கீட்டோன் ருத்தேனியத்தைத் தொடவே இல்லை. ருத்தேனியத்தின் மேலுள்ள ஒரு ஹைட்ரஜனும், அமீனின் நைட்ரஜன் மேலுள்ள இன்னொரு ஹைட்ரஜனும் ஒரே சமயத்தில் கீட்டோனின் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் போய்விடுகின்றன. ஈனியும் வேலைக்காரன்தான். முன்பு பிடி இல்லை என்று நழுவிய மூலக்கூறுக்கு, பிடியே தேவைப்படவில்லை.

1998-ல் இந்தக் குழு வெளியிட்ட ஒரு சோதனையைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. 601 கிராம் அசிட்டோஃபீனோன். வினையூக்கி 2.2 மில்லிகிராம். அதாவது தராசின் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில், காகிதத்தில் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு. 45 வளிமண்டல அழுத்தத்தில் ஹைட்ரஜன், 30 டிகிரி, 48 மணி நேரம். 601 கிராமும் ஆல்கஹாலாக மாறியது. ஒவ்வொரு வினையூக்கி மூலக்கூறும் 24 லட்சம் தடவை வேலை செய்திருந்தது. மிகை அந்தச் சோதனையில் 80-தான். ஈனியைச் சற்று மாற்றியபோது அதுவும் 99-க்குப் போனது.

இந்த வருடங்களில் மருந்துக் கம்பெனிகளின் பார்வையும் மாறியிருந்தது. ஒரு மருந்தின் இரண்டு புரிகளையும் தனித்தனியாக ஆராய்ந்து காட்டவேண்டும் என்ற தொனியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1992-ல் கொள்கை அறிக்கை வெளியிட்டது. இந்த இடத்தில் எல்லோரும் தாலிடமைடைக் கொண்டுவருவார்கள். 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, கர்ப்பிணிகளின் குழந்தைகளை ஊனமாக்கி, 1961-ல் திரும்பப் பெறப்பட்ட மருந்து. நல்ல புரியை மட்டும் கொடுத்திருந்தால் அந்தக் கொடுமை நடந்திருக்காது என்று எழுதுகிறார்கள். அது சரியல்ல. தாலிடமைடை எந்தப் புரியில் கொடுத்தாலும் உடம்புக்குள் போனதும் அது எதிர்ப்புரியாகவும் மாறிவிடும். ஒருபுரி வினையூக்கத்தின் பெருமைக்கு இந்தப் பொய்க்கதை தேவையில்லை. லீவோஃப்ளாக்சசின் போதும்.

2001-ன் தொடக்கத்தில் இஸ்ரேலின் வுல்ஃப் பரிசு ககான், நோயோரி, ஷார்ப்லஸ் மூவருக்கும் கிடைத்தது. அதே வருடம் அக்டோபரில் நோபல் அறிவிப்பு. நோல்ஸ், நோயோரி, ஷார்ப்லஸ். ஹைட்ரஜனேற்றத்துக்கு என்று பாதிப் பரிசு முதல் இருவருக்கும், ஆக்சிஜனேற்றத்துக்கு என்று மீதிப் பாதி ஷார்ப்லஸுக்கு. பாரிஸில் ககான் வெளியே நின்றார். மூன்று பேருக்கு மேல் கொடுப்பதில்லை என்ற விதி காரணம். நோல்ஸை உள்ளே கொண்டுவந்தது நியாயம்தான். தொழிற்சாலையில் முதலில் ஓட்டியவர் அவர். ஆனால் இரண்டு பாஸ்பரஸ்களை ஒரு புரியான எலும்புக்கூட்டில் கோர்க்கும் யோசனை ககானுடையது. அது இல்லாமல் பினாப் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் அந்த வருத்தத்தில் இருக்கிறார்கள், அதில் அர்த்தம் இருக்கிறது.

இன்னொருவரும் ஸ்டாக்ஹோமில் இல்லை. தகாயா 1995-லேயே இறந்துவிட்டார். 1966-ன் தாமிரத்திலும், 1974-ன் பினாப்பிலும், மென்தாலிலும், ருத்தேனியத்திலும் கூடவே இருந்தவர். தன் நோபல் உரையில் அவரைக் குறிப்பிட நோயோரி தவறவில்லை. ஆனால் ஜப்பானியப் பல்கலைக்கழக அமைப்பில் பேராசிரியர் பெயர்தான் வெளியே போகும், இணைந்து செய்தவர்கள் கட்டுரையின் பெயர்ப்பட்டியலில் தங்கிவிடுவார்கள். நம் ஊர் ஆய்வகங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஜப்பானில் அப்போது கொண்டாட்டமான காலம். 2000-ல் ஷிராகாவா, 2001-ல் நோயோரி, 2002-ல் கொய்ச்சி தனாகா என்று வேதியியல் நோபல் மூன்று வருடம் தொடர்ந்து வந்தது. 2003-ல் நோயோரி ரிகென் என்ற பெரிய தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவரானார். அந்தப் பதவி அவருக்குப் பெருமை சேர்த்ததா என்பது வேறு விவகாரம். 2014-ல் ரிகெனின் கோபே மையத்திலிருந்து வெளியான ஸ்டெம் செல் கட்டுரைகள் மோசடி என்று தெரியவந்து திரும்பப் பெறப்பட்டன. கேமராக்களுக்கு முன்னால் நிறுவனத் தலைவராகக் குனிந்து மன்னிப்புக் கேட்டவர், வினை ஒழுங்காகத் திரும்ப வரும்வரை பினாப்பை வெளியிடாமல் பொறுத்திருந்த அதே மனிதர்தான். 2015 மார்ச்சில் பதவியிலிருந்து விலகினார்.

நாம் 1980-க்குத் திரும்பவேண்டியிருக்கிறது. பினாப் கட்டுரை வந்த அதே வருடம், அதே இதழில், ஷார்ப்லஸும் கட்சுகி என்ற ஜப்பானியரும் வேறொரு வினையைப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு ஆறு வருடம் போராடிச் செய்யும் ஈனி தேவைப்படவில்லை. விலை உயர்ந்த ரோடியமும் தேவைப்படவில்லை. டைட்டானியத்தை எடுத்து, நம் வீட்டுப் புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலத்தின் எஸ்டர் ஒன்றை அதில் மாட்டினார்கள். அந்த வினையை அடுத்த இதழில் பார்ப்போம்.